பாகூர் பக்கம்: மாட்டுக் கொட்டாய் போர் தண்ணியில நைட்ரேட் 112. மாடுதான் காரணமா?

தென்பெண்ணைக்கரை | ஞாயிறு, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். பால் விலை இழையில மட்டும் அப்பப்ப எழுதுறவன். இது வேற விஷயம்.

ஊரு புதுச்சேரியில பாகூர் கொம்யூன், ஆத்தோரம். கறவை 9, சினை 2, எல்லாம் கலப்பினம். பால் சொசைட்டிக்குப் போகுது. பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா, பேரனுக்கு இன்னைக்கு 41 நாள். மாப்பிள்ளை வந்ததுமே தண்ணியைச் சோதிக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னார். "நாலு தலைமுறையா குடிக்கிற தண்ணிக்கு சர்டிபிகேட்டா"ன்னு எங்கப்பாவுக்குக் கோவம். சரின்னு ஒரு பாட்டில் புடிச்சுக் குடுத்தேன். நேத்து சீட்டு வந்தது.

டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பு மொத்தம், 742. புளோரைடு, இரும்பு எல்லாம் சரி. கோலிஃபார்ம்ங்கிற கழிவுக் கிருமி இருக்கு. நைட்ரேட் 112. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. அந்த 112க்குப் பக்கத்துல "அனுமதி அளவு 45"னு போட்டு வட்டம் போட்டிருக்காங்க. லேப்ல இருந்த பொண்ணு, "ஐயா, கைப்பிள்ளைக்கு இந்தத் தண்ணி வேணாம்"னு மட்டும் சொல்லிச்சு.

தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு. வாடை கிடையாது. உப்பு கரிக்காது. பருப்பு பஞ்சா வேகுது. போர் 60 அடி, கொட்டாய்க்கும் வீட்டுக்கும் நடுவுல. இன்னும் ஆழமா இறக்கினா சரியாகுமா? மாட்டால வருதுன்னு சிலர் சொல்றாங்க, அது நெசமா?

கெடிலத்தான் | ஞாயிறு, இரவு 9.31

பேரன் வந்ததுக்கு வாழ்த்துண்ணே. நல்லா கொதிக்க வச்சு ஆற வச்சுக் குடிங்க, ஒண்ணும் ஆகாது. எங்க வீட்ல 20 வருஷமா அதான்.

மணற்கல் | ஞாயிறு, இரவு 9.44

//நல்லா கொதிக்க வச்சு//

ஐயா, தயவுசெஞ்சு இதை முதல்ல படிங்க. கெடிலத்தான் அண்ணா சொன்னது கோலிஃபார்முக்குச் சரி, நைட்ரேட்டுக்கு நேர் எதிர். அது தண்ணியில கரைஞ்ச உப்பு. கொதிக்கும்போது தண்ணிதான் ஆவியாகும், உப்பு பாத்திரத்துலயே நிக்கும். ஒரு லிட்டர் வச்சு முக்கால் லிட்டரா சுண்டினா உங்க 112, 149 ஆயிடும்.

மெழுகுவத்தி ஃபில்டர், யூவி, குளோரின் மாத்திரை, படிகாரம், தேத்தாங்கொட்டை எதுவும் இதைத் தொடாது. வீட்டு அளவுல கைக்கு எட்டுறது ஆர்ஓ ஒண்ணுதான். இல்லேன்னா வேற நல்ல தண்ணி.

கைப்பிள்ளைக்கு ஏன் கெடுதல்னு கேட்டா: ஆறு மாசத்துக்குள்ள இருக்கிற பிள்ளைங்க வயித்துல புளிப்பு கம்மி, அங்க இருக்கிற கிருமிங்க நைட்ரேட்டை நைட்ரைட்டா மாத்திடும். அது ரத்தத்துல ஹீமோகுளோபினைப் புடிச்சு ஆக்சிஜன் சுமக்க முடியாதபடி பண்ணிடும். உதடு, நகக்கண் நீலம் பூக்கும். 1945ல அமெரிக்காவுல அயோவா மாகாணத்துல ஹன்டர் காம்லின்னு ஒரு டாக்டர்தான் இதைக் கண்டுபிடிச்சு எழுதினார். அங்கயும் ஆழமில்லாத, சரியாக் கட்டாத பண்ணைக் கிணத்துத் தண்ணிதான், அதுல பால் பவுடரைக் கரைச்சுக் குடுத்திருக்காங்க.

பேரன் தாய்ப்பால்தானே குடிக்கிறான்? அப்படீன்னா பதற வேண்டாம். அம்மா குடிக்கிற நைட்ரேட் பால்ல பெருசா ஏறாது. கரைச்சு ஊத்துறதுதான் ஆபத்து.

வில்லியனூர்_அக்கா | ஞாயிறு, இரவு 10.05

தாய்ப்பால்தான்னு சொல்லிட்டு நிம்மதியாத் தூங்கிடாதீங்க அண்ணே. உரைமருந்து எந்தத் தண்ணியில உரைக்கிறாங்க? வசம்பு, ஜாதிக்கா, மாசிக்கா எல்லாம் கல்லுல ரெண்டு சொட்டு விட்டு உரைக்கிறதுதான். ஆனா எங்க மாமியார் அதுக்கு மேல ஒரு பாலாடை வெந்நீர் ஊத்திக் குடுப்பாங்க. கேட்டா "சுட வச்ச தண்ணி"ம்பாங்க. இப்ப இந்த மணற்கல் பொண்ணு சொன்னதைப் படிச்சா, சுட வச்சதுதான் கூடுதல் கெடுதல்போல. நாளைக்கே ஒரு கேன் தண்ணி வாங்கி அடுப்படியில தனியா வைங்க, அதுல பாட்டி கை வைக்காம பாத்துக்குங்க.

கரும்புக்காடு | திங்கள், காலை 6.20

ஆரம்பிச்சுட்டாங்கய்யா. அடுத்தது மாடு வளக்கக் கூடாதும்பாங்க. ஒரு பக்கம் கோமியத்தைப் பாட்டில்ல அடைச்சு மருந்துன்னு விக்கிறான், இன்னொரு பக்கம் அதே கோமியம் விஷம்ங்கிறான். எங்க தாத்தா நெல்லிக்குப்பத்துல 30 மாடு வச்சிருந்தார். வீட்டுக் கிணத்துத் தண்ணியைத்தான் தெருவே குடிச்சுது, ஒரு பிள்ளையும் நீலமாகல.

நைட்ரேட் வந்தா அது யூரியா. கரும்புக்கும் நெல்லுக்கும் மூட்டை மூட்டையாக் கொட்டுறோமே, அது எங்க போகும்? நானே கொட்டுறேன், ஒத்துக்கிறேன். அதை விட்டுட்டு 11 மாட்டைப் புடிச்சுக்கிட்டா எப்படி?

ஓய்வு_கால்நடை | திங்கள், காலை 8.47

கரும்புக்காடு தம்பி கோபப்படுறதுல பாதி நியாயம் இருக்கு. யூரியாவும் காரணம்தான். மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2024ல வெளியிட்ட அறிக்கையில தமிழ்நாட்டுல எடுத்த மாதிரிகள்ல சுமார் 38 விழுக்காடு 45ஐத் தாண்டியிருக்கு. உரத்தையும் சொல்லியிருக்காங்க, கால்நடைக் கழிவைச் சரியாக் கையாளாததையும் சொல்லியிருக்காங்க.

ஆனா 11 மாடுன்னு சாதாரணமாச் சொல்லிட்டீங்களே, அதுக்கு ஒரு கணக்குப் போடுவோம். 400 கிலோ எடையுள்ள மாடு ஒரு நாளைக்கு 15லிருந்து 20 கிலோ சாணி, அதே அளவு லிட்டர் மூத்திரம். இது மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வழிகாட்டுதல்லயே இருக்கிற கணக்கு. 11 மாட்டுக்குத் தினம் ஏறக்குறைய 200 லிட்டர் மூத்திரம். லிட்டருக்கு 5 கிராம் நைட்ரஜன்னு குறைச்சே வைங்க, பிண்ணாக்கு நல்லாத் தின்கிற கறவைக்கு அதுக்கு மேலயே இருக்கும். நாளைக்கு 1 கிலோ நைட்ரஜன். வருஷத்துக்கு 365 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில இருக்கிறது ஏறக்குறைய 21 கிலோ. ஆக 17 மூட்டை யூரியா. பாதி அமோனியாவா காத்துல போச்சுன்னே வைங்க, மிச்சம் 8 மூட்டைக்கு மேல.

உங்க கரும்புல அந்த 8 மூட்டையை எத்தனை ஏக்கருக்குப் பிரிச்சுப் போடுவீங்க? இங்க அது ஒரே இடத்துல இறங்குது. இன்னொண்ணு, 1 கிலோ நைட்ரஜன் முழுசா நைட்ரேட்டா மாறிக் கீழே போனா கிட்டத்தட்ட 1 லட்சம் லிட்டர் சுத்தத் தண்ணியை 45 அளவுக்கு ஏத்திடும்.

தென்பெண்ணைக்கரை தம்பி, எல்லாரும் சாணியைப் பத்தியே யோசிப்பாங்க. சாணிக்கு எருக்குழி இருக்கு, வறட்டி இருக்கு, வாங்க ஆள் இருக்கு. சாணியில இருக்கிற சத்து மெதுவாத்தான் பிரியும். மூத்திரம் அப்படியில்ல. அது கிட்டத்தட்ட கரைச்சு வச்ச யூரியா. உங்க கொட்டாய்ல அது எங்க போகுது? அதை மட்டும் சொல்லுங்க.

தென்பெண்ணைக்கரை | திங்கள், மதியம் 1.30

கால்நடை டாக்டர் ஐயா கேட்டதும் போய் நின்னு பாத்தேன்.

2016ல லோன் போட்டு கொட்டாய்க்குச் சிமென்ட் தரை போட்டேன். அதுக்கு முன்ன மண் தரை. சிமென்ட் தரைக்கு வாட்டம் வச்சு, ஓரமா சாக்கடை எடுத்து, நாலு இஞ்ச் பைப்புல ஒரு குழிக்கு விட்டிருக்கு. குழின்னா நாலு உறை இறக்கினது, அடியில காரை போடல. தினம் ரெண்டு வேளை மோட்டார் போட்டுக் கழுவி விடுறது எல்லாம் அதுக்குள்ளதான். எவ்வளவு தண்ணி விட்டாலும் அரை மணியில இழுத்துடும். ஒன்பது வருஷமா ஒரு தடவைகூட நிரம்பினதில்ல. நல்ல குழி அமைஞ்சுதுன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டிக்கிட்டிருந்தேன்.

இன்னைக்கு மூடியைத் தூக்கினேன். மூக்கைத் தூக்கி அடிச்சுது, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. உள்ள வெறும் மணல், மேல பச்சைப் பாசி மாதிரி ஒரு ஏடு. டேப்பு புடிச்சேன். குழியிலிருந்து போருக்கு 23 அடி.

மணற்கல் | திங்கள், மாலை 4.02

ஐயா, நிரம்பாத குழிதான் சிக்கலே. நிரம்பலன்னா கீழே போகுதுன்னு அர்த்தம்.

நிலத்தடி நீர் படிச்சவ, அதனால மண்ணைப் பத்தி ரெண்டு வரி. நீங்க இருக்கிறது தென்பெண்ணை கொண்டுவந்து போட்ட வண்டல், அதுல ஆத்தோரம் மணல். மூத்திரத்துல இருக்கிற யூரியா முதல்ல அமோனியமா மாறும். அது நேர்மின் உள்ளது, களிமண் புடிச்சு வச்சுக்கும். பிறகு மண்ணுல இருக்கிற பாக்டீரியா அதை நைட்ரேட்டா மாத்தும். நைட்ரேட் எதிர்மின், மண்ணும் எதிர்மின். ஒட்டாது. தண்ணி போற இடமெல்லாம் கூடவே போகும். பாகூர் ஏரிக்குக் கீழ இருக்கிற களிக் கழனியில, காத்துப் புகாத சேத்துல, நைட்ரேட் திரும்ப வெறும் நைட்ரஜன் வாயுவாகிப் பறந்துடறதும் உண்டு. மணல்ல அந்த வேலை நடக்கிறது குறைவு. அதனால ஒரே கொம்யூன்ல ரெண்டு கிலோமீட்டர் தள்ளி வேற கதை இருக்கும்.

//இன்னும் ஆழமா இறக்கினா சரியாகுமா?//

கீழே கடலூர் மணற்கல்னு ஒரு பாறை அடுக்கு இருக்கு, நல்ல நீர்த்தாங்கி, அதாவது தண்ணியைத் தேக்கி வைக்கிற அடுக்கு. ஆனா மேல் பகுதியில கேசிங் குழாயைச் சுத்திச் சிமென்ட் குழம்பு ஊத்தி அடைக்காம இறக்கினா, மேல் தண்ணி கேசிங் ஓரமாவே வழிஞ்சு கீழ் தண்ணியையும் கெடுக்கும். நம்ம பக்கம் போர் போடுறவங்க அந்தச் செலவைச் சொல்லவே மாட்டாங்க. கடலோரமா இருந்தா, ஆழத்துல ரொம்ப இறைக்கிறதுல உப்புத்தண்ணி ஏறுற பயமும் உண்டு. குழியை அப்படியே வச்சுக்கிட்டு போரை மட்டும் இறக்காதீங்க.

குழித் தண்ணிதான் போருக்கு வருதான்னு தெரியணும்னா ஒரு எளிய சோதனை: குழியில 10 கிலோ கல்லுப்பைக் கரைச்சு ஊத்துங்க. பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டர் கிடைக்கும். தினம் ஒரே நேரத்துல, மோட்டார் 10 நிமிஷம் ஓடின பிறகு போர் தண்ணியை அளந்து எழுதி வைங்க, எண்ணு ஏறினா குழித் தண்ணி போருக்கு வருதுன்னு அர்த்தம்.

கெடிலத்தான் | திங்கள், மாலை 5.15

கொதிக்க வைக்கச் சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்கண்ணே. நானும் இன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஒரு யோசனை. கோபர் கேஸ் போட்டுட்டா எல்லாம் அதுக்குள்ள போயிடும்ல? அடுப்புக்கும் ஆச்சு, தண்ணிக்கும் ஆச்சு.

ஓய்வு_கால்நடை | திங்கள், இரவு 7.50

கோபர் கேஸ் நல்லதுதான், போடுங்க. 2 கன மீட்டர் கலனுக்கு ஏறக்குறைய 50 கிலோ சாணி தினம் வேணும், 11 மாட்டுக்கு அதுக்கு மேலயே கிடைக்கும். ஆனா எரிவாயுவா வெளிய வர்றது மீத்தேன், அதாவது கரியும் ஹைட்ரஜனும். நைட்ரஜன் உள்ளயே தங்கி கழிவுக் கரைசலோட வெளிய வந்துடும். அதுவும் சாணியில இருந்ததைவிடச் சீக்கிரம் கரையுற அமோனியமா வரும். அந்தக் கரைசலை அடிக்காரை போடாத குழியில தேக்கினா, பழைய குழிக்குப் புதுப் பேரு, அவ்வளவுதான்.

கரும்புக்காடு தம்பி தாத்தாவோட 30 மாட்டைப் பத்திக் கேட்டாரே. அந்த 30 மாடும் காலையில மேய்ச்சலுக்குப் போயிருக்கும். பாதி சாணியும் மூத்திரமும் வெளியிலயே போயிருக்கும். கழனியில கிடை போட்டிருப்பாங்க. கலப்பினம் இல்ல, உருவம் சின்னது, பால் 2 லிட்டர். தின்னது அந்த ஊர் வைக்கோலும் புல்லும். எடுத்தது அந்த மண்ணுலயே திரும்பிச்சு. இப்ப 12 லிட்டர் கறக்க வைக்க எங்கெங்கோ விளைஞ்ச பிண்ணாக்கும் மக்காச்சோளமும் லாரியில வருது. அதுல இருக்கிற நைட்ரஜன்ல கொஞ்சம் பாலாப் போகுது, மிச்சமெல்லாம் உங்க கொல்லைப்புறத்துல இறங்குது. போக இடமில்ல, மாடு கட்டுத்தறியை விட்டு நகர்றதே இல்ல.

தென்பெண்ணைக்கரை | திங்கள், இரவு 9.05

ஐயா சொன்னதும் எங்கம்மா செஞ்சது ஞாபகம் வருது. மண் தரை இருந்தப்ப மாசிக்கு மேல, கழனி காலியா இருக்கிற நேரம், கொட்டாய் மண்ணை முக்கால் அடி வெட்டி எடுத்துடுவாங்க. கறுப்பா, ஈரமா, கையில புடிச்சா உருண்டையா நிக்கும். அதை நாத்தங்காலுக்குத்தான் போடுவாங்க, வேற எதுக்கும் தொட விடமாட்டாங்க. பள்ளத்துக்கு ஏரி வண்டல் அள்ளி வந்து கொட்டி மிதிச்சு விடுவாங்க. ராத்திரிக்கு மாட்டுக்குக் கீழ கூளம் பரப்புறது வேற. மூத்திரமெல்லாம் அந்தக் கூளத்துலயும் களி மண்ணுலயும்தான் ஊறியிருக்கு. நான் சிமென்ட் போட்டதும் "தரை நல்லா இருக்குடா, ஆனா மண்ணு கிடைக்காதே"ன்னு ஒரே ஒரு தடவை சொன்னாங்க. எனக்கு அப்ப புரியல.

பலாமரத்தடி | செவ்வாய், காலை 7.33

பண்ருட்டியிலிருந்து. மாட்டுக்கே இந்தப் பேச்சுன்னா எங்க கதையைக் கேளுங்க.

எங்க முந்திரிக் கொல்லைக்கு அடுத்து ஒருத்தர் ஒப்பந்தத்துக்குக் கறிக்கோழி வளக்குறார், ரெண்டு ஷெட்டு, 8,000 கோழி. ஒவ்வொரு பேட்ச் முடிஞ்சதும் ஆழ்கூளத்தை, அதாவது தரையில எச்சத்தோட கெடக்கிற கூளத்தை, அள்ளி ரோட்டோரமா மலை மாதிரி குவிப்பாரு. நானும் வாங்குவேன், பொய் சொல்ல மாட்டேன், பலாவுக்கு அதுமாதிரி உரம் இல்ல. ஆனா ஐப்பசி மழையில அது மூடாமக் கெடந்தா, காப்பி நிறத்துல தண்ணி வழிஞ்சு என் பழைய கிணத்துப் பக்கம் ஓடுது. அந்தக் கிணறு வத்தி 12 வருஷம். செத்த கோழிங்களை அவரு அதுலதான் போடுறாருன்னு போன வருஷம்தான் தெரிஞ்சுது. சண்டை போட்டேன். "தண்ணி இல்லாத கிணறுதானே"ன்னார்.

மனு குடுத்தேன். வந்து பாத்தாங்க. வந்த அன்னைக்கு ஷெட்டு கழுவி, சுண்ணாம்பு தெளிச்சு, கோலம் போடாத குறைதான்.

மணற்கல் | செவ்வாய், காலை 9.10

//தண்ணி இல்லாத கிணறுதானே//

வத்தின கிணத்துல கழிவு போடுறது மத்த எல்லாத்தையும்விட மோசம். மேல் மண் 30, 40 அடிக்கு வடிகட்டித் தர்ற வேலையை ஒரேயடியாத் தாண்டி, நேரா நீர்த்தாங்கி வாசல்ல கொண்டுபோய் வைக்கிற மாதிரி. உங்க செம்மண்ணுல தண்ணி மட்டம் ஆழம், அதனால மேல குவிச்ச எரு கீழ போய்ச் சேர வருஷக்கணக்காகலாம். கிணறு வழியாப் போனா அந்தக் கால அவகாசமும் இல்ல.

5,000 கோழிக்கு மேல வச்சிருந்தா மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல ஒப்புதல் வாங்கணும். மனுவுல "நாத்தம்"னு எழுதாதீங்க அண்ணா, ஷெட்டைக் கழுவிட்டா நாத்தம் போயிடும். "பாழ்கிணத்துல இறந்த கோழி, குடிநீர்க் கிணறு இத்தனை மீட்டர்"னு எழுதி, படத்தோட, தண்ணிச் சோதனைச் சீட்டையும் வைங்க.

சிப்காட்_சாட்சி | செவ்வாய், காலை 10.40

கடலூர் மாவட்டத்துல உக்காந்துக்கிட்டு மாட்டு மூத்திரத்தைப் பத்திப் பேசுறீங்க. ரசாயனத் தொழிற்சாலைங்களை மறந்துட்டீங்களா? இதெல்லாம் திசை திருப்புற வேலை.

நெறியாளர் | செவ்வாய், காலை 11.02

அதுக்குத் தனி இழை ஏற்கனவே 40 பக்கம் ஓடுது, அங்க தொடருங்க. இங்க கொட்டாய், கோழி ஷெட்டு, போர் மட்டும்.

கரும்புக்காடு | வியாழன், இரவு 8.15

ரெண்டு நாளா யோசிச்சேன். தாத்தா விஷயத்துல டாக்டர் ஐயா சொன்னது சரிதான். ஆனா ஒரு சந்தேகம். தென்பெண்ணைக்கரை அண்ணன் வீட்ல கக்கூஸ் குழியும் இருக்குமே? மனுஷன் மூத்திரத்துல நைட்ரஜன் இல்லையா? மாட்டு மேலயே ஏன் முடிவு கட்டணும்?

மணற்கல் | வியாழன், இரவு 9.20

நல்ல கேள்வி அண்ணா. பெரிய ஆய்வுக்கூடங்கள்ல நைட்ரேட்ல இருக்கிற நைட்ரஜன் 15 ஐசோடோப்பை, அதாவது நைட்ரஜன்லயே கொஞ்சம் கனமான வகையை, அளந்து, யூரியா மூட்டையிலிருந்து வந்ததா கழிவிலிருந்து வந்ததான்னு ஓரளவு பிரிச்சுச் சொல்லுவாங்க. ஆனா மாட்டுக் கழிவும் மனுஷக் கழிவும் அந்தச் சோதனையிலயும் ஒண்ணு மேல ஒண்ணு விழும். ஊருக்குள்ள அதைவிட எளிய வழி, அக்கம்பக்கத்துத் தண்ணியை ஒப்பிடுறது. மாடு இல்லாத, ஆனா அதே மாதிரி கக்கூஸ் குழி இருக்கிற வீட்டுத் தண்ணி என்ன காட்டுது? ஐயா, உப்புச் சோதனை என்னாச்சு?

தென்பெண்ணைக்கரை | சனி, இரவு 8.55

நோட்டுல எழுதினதை அப்படியே போடுறேன். செவ்வாய் காலையில 10 கிலோ உப்பு ஊத்தினது.

செவ்வாய் 744. புதன் 741. வியாழன் 768. வெள்ளி 853. இன்னைக்கு சனி 836.

வெள்ளிக்கிழமை மீட்டரைப் பாத்துட்டு எங்கப்பா ஒண்ணும் பேசல. மீட்டரை வாங்கி அவரே இன்னொரு டம்ளர்ல போட்டுப் பாத்தார். அப்புறம் கேன் தண்ணியில போட்டுப் பாத்தார். அப்புறம் எந்திரிச்சுப் போய்ட்டார்.

கரும்புக்காடு தம்பி கேட்டதுக்கு: கக்கூஸ் குழி வீட்டுக்கு அந்தப் பக்கம், போருக்கு 60 அடிக்கு மேல. நாலு வீடு தள்ளி எங்க சித்தப்பா வீடு, மாடெல்லாம் வித்து ஆறு வருஷமாச்சு, எங்களது மாதிரியே கக்கூஸ் குழி, போர் 55 அடி. மாப்பிள்ளை அதையும் சோதிக்கக் குடுத்தார். நைட்ரேட் 36.

கரும்புக்காடு | சனி, இரவு 9.10

36ம் சும்மா இல்லையேண்ணே. சரி, வாயை மூடிக்கிறேன். இப்ப என்ன பண்ணப் போறீங்க?

ஓய்வு_கால்நடை | ஞாயிறு, காலை 7.25

நான் சொல்றதை ஒரேயடியாச் செய்ய வேண்டாம், முதல் வேலை அந்தக் குழிக்குப் போற பைப்பை அடைக்கிறது.

தண்ணி ஊத்திக் கழுவுறதுக்கு முன்னால சாணியை வழிச்சு அள்ளுங்க, மூத்திரத்தைத் தனியா விடுங்க. கழுவுற தண்ணி குறைஞ்சாலே பாதி தலைவலி போச்சு. மூத்திரம் போய் விழ, அடியும் சுவரும் பூசின தொட்டி ஒண்ணு, 1,000 லிட்டருக்குக் குறையாம. அதுலிருந்து ஒரு பங்குக்குப் பத்து பங்கு தண்ணி கலந்து தீவனப் புல்லுக்கு விடுங்க. கம்பு நேப்பியர் எவ்வளவு நைட்ரஜன் குடுத்தாலும் தின்னும்.

அதுல ஒரு எச்சரிக்கை. ஒரே பாத்தியில தினம் ஊத்தாதீங்க. புல்லும் நைட்ரேட்டைத் தேக்கி வச்சுக்கும், வெயில்ல வாடின இளம் புல்லுல இன்னும் அதிகம். நான் விருத்தாசலம் பக்கம் வேலை பாத்தப்ப, ஒரு கோடையில எருக்குழி ஓரமா தளதளன்னு நின்ன சோளத்தை அறுத்துப் போட்டு ஒரே ராத்திரியில மூணு மாடு விழுந்துச்சு. ஊசி குத்தி ரத்தம் எடுத்தா டிகாஷன் நிறம். மெத்திலீன் புளூ ஊசி போட்டு ஒண்ணைத்தான் காப்பாத்த முடிஞ்சுது. கைப்பிள்ளைக்கு வர்றதும் மாட்டுக்கு வர்றதும் ஒரே வியாதிதான். உங்க 112 தண்ணி மட்டும் மாட்டை ஒண்ணும் பண்ணாது, புல்லும் சேர்ந்தாதான் கணக்கு ஏறும்.

ஐரோப்பாவுல 1991லிருந்து ஒரு சட்டம் இருக்கு. நைட்ரேட் சிக்கல் இருக்கிற பகுதிகள்ல ஹெக்டேருக்கு வருஷத்துக்கு 170 கிலோ நைட்ரஜனுக்கு மேல கால்நடை எருவாப் போடக் கூடாது. ஏக்கருக்குச் சுமார் 69 கிலோ. உங்க மூத்திரம் மட்டுமே 365 கிலோ. எத்தனை ஏக்கர் வேணும்னு நீங்களே வகுத்துப் பாருங்க. உங்ககிட்ட எவ்வளவு நிலம்?

தென்பெண்ணைக்கரை | ஞாயிறு, காலை 8.00

ஒன்றரை ஏக்கர் ஐயா. அதுல அரை ஏக்கர் புல்லு.

ஓய்வு_கால்நடை | ஞாயிறு, காலை 8.12

அப்ப அக்கம்பக்கத்துக் கழனிக்காரங்களையும் சேர்த்துக்கணும். கேட்டுப் பாருங்க, யூரியா விலைக்கு வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க.

வில்லியனூர்_அக்கா | ஞாயிறு, காலை 9.40

எனக்கு நாலு மாடுதான். நான் தொட்டியெல்லாம் கட்டல. மாட்டுக்குக் கீழ தென்னை நார்க்கழிவும் கூளமும் போடுறேன், அது குடிச்சுக்கும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை அள்ளி எருக்குழியில போடுறேன். எருக்குழியும் முன்ன வெறும் பள்ளம்தான். பெஞ்சல் புயலப்ப ஊசுட்டேரிப் பக்கத்துத் தண்ணியெல்லாம் உள்ள வந்து எரு மிதந்து தெருவுக்கே போச்சு. அதுக்கப்புறம் களிமண் மிதிச்சுத் தரை போட்டு, சுத்தி முழங்கால் உயரம் வரப்பு வச்சு, ஐப்பசி பொறக்கும்போதே தார்ப்பாய் போட்டுடுறேன். செலவு தார்ப்பாய்க்கு மட்டும்தான். ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்னு சொல்லுவாங்கள்ல, மறுவருஷம் வரைக்கும் அது குழியில இருக்கணும்ல?

தென்பெண்ணைக்கரை | மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு, இரவு 7.30

தாமதத்துக்கு மன்னிக்கணும், பேரனுக்குப் பேர் வச்ச விசேஷம்.

பைப்பை அடைச்சாச்சு. தொட்டி கட்டியாச்சு, ரெண்டு பூச்சு, 1,500 லிட்டர். குழியிலிருந்து மேல் மணலை மூணு அடிக்கு அள்ளினோம், கொத்தனாருக்கு ரெண்டு தடவை வாந்தி. அதைக் கழனியில பரப்பிட்டு, குழிக்குக் களிமண் போட்டு மூடிட்டேன். கொட்டாய்ல கூளம் போட ஆரம்பிச்சிருக்கோம். அதை அம்மாவே பாத்துக்கிறாங்க, என்னைக் கிட்ட விடறதில்ல.

நேத்து மறுபடி சோதிச்சேன். நைட்ரேட் 104. அவ்வளவுதானா இறங்கும்?

மணற்கல் | ஞாயிறு, இரவு 8.05

ஒன்பது வருஷம் இறங்கினது ஐயா, மூணு வாரத்துல வெளியேறாது. குழிக்கும் போருக்கும் நடுவுல மண்ணுல இருக்கிறது இன்னும் வந்துக்கிட்டுதான் இருக்கும். முதல் பெரு மழையில மறுபடி ஏறினாலும் பயப்படாதீங்க, மேல தங்கினதைக் கழுவிக் கொண்டுவரும். தை முடிஞ்சு ஒரு தடவை, சித்திரையில ஒரு தடவை சோதிங்க. அதுவரைக்கும் குடிக்க, சமைக்க ஆர்ஓ. ஆர்ஓ கழிவுத் தண்ணியைப் போர் பக்கம் விடாதீங்க, அதுல நைட்ரேட் கூடுதலா இருக்கும்.

தென்பெண்ணைக்கரை | ஞாயிறு, இரவு 8.40

சரிம்மா. இன்னொண்ணு. எதிர் வீட்டுல 6 மாடு, அவங்க குழியும் உறை இறக்கினதுதான். நாந்தான் அப்ப கொத்தனாரை அனுப்பி வச்சேன், "நிரம்பவே நிரம்பாது"ன்னு சொல்லி. அவங்க மருமகளுக்கு ஏழாம் மாசம். இன்னைக்கு சாயங்காலம் அந்தப் பொண்ணு வந்து, "மாமா, தண்ணி குடுக்கிறதுக்கு எந்த பாட்டில் கொண்டுபோகணும், மினரல் வாட்டர் பாட்டில் போதுமா"ன்னு கேக்குது. கோலிஃபார்முக்குத் தனியா புடிக்கணுமா?

மணற்கல் | ஞாயிறு, இரவு 8.52

ஆமா ஐயா, ரெண்டு பாட்டில். நைட்ரேட்டுக்குப் புது மினரல் வாட்டர் பாட்டில் போதும், அதே போர் தண்ணியில மூணு தடவை அலசிட்டு முட்ட நிரப்பச் சொல்லுங்க. கோலிஃபார்முக்கு லேப்லயே கிருமி நீக்கின பாட்டில் தருவாங்க, அதை அலசக் கூடாது, மூடியோட உள்பக்கம் விரல் படக் கூடாது. குழாய் வாயை நெருப்பு காட்டிட்டுப் புடிக்கணும். ஐஸ் போட்ட பையில வச்சு அன்னைக்கே கொண்டுபோய்க் குடுத்துடணும். பாட்டில் மேல "மாட்டுக் கொட்டாய் போர்"னு எழுத வேண்டாம்னு அவங்க மாமனார் சொன்னா, எழுதித்தான் ஆகணும்னு நீங்க சொல்லுங்க.